கொசுத்தேன் வளர்ப்பு: வணிகருக்கு ஒரு பாடம்



நம்மவர் நடத்துவது மளிகைக் கடையாயினும், மசாலைக் கடையாயினும், நாட்டு மருந்துக் கடையாயினும், அலமாரியில் நாலு போத்தல் தேன் இல்லாமல் இராது. வாங்க வருபவர் போத்தலைக் கையிலெடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பாய், இது அசல் தேன்தானா?" நாமும் ஒரே ஒரு பதில் சொல்வோம்: "அசல்தான்." கேட்டவர் நம்பிக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் எந்த ஆதாரத்தைக் கொண்டு அப்படிச் சொன்னோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், நம்மில் பலரிடம் விடை இராது.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது என்பது நாமறிந்ததே. அதனாலேயே, தேனை நம்மவர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எண்ணுவோர் பலர். நம்பிக்கை பெரிதாக இருக்கும் இடத்தில் பொறுப்பும் பெரிது. அந்தப் பொறுப்பில் நான் ஒருமுறை தவறினேன். இந்தப் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலாய்ப் பெரியவர் கம்பத்திலிருந்து என் கடைக்கு ஆறு போத்தல் தேன் கொண்டுவந்தார். கெலுலுட் தேன் என்றார். ஊற்றிப் பார்த்தேன், தண்ணீர்போல் ஓடிற்று. நாவில் வைத்தேன், புளித்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டேன். அடியில் போய்த் தங்காமல் கலைந்தது. கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "பாக் சிக், இதில் தண்ணீர் கலந்திருக்கிறது. எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை. "கெலுலுட் இப்படித்தான் இருக்கும், தவுக்கே" என்று மட்டும் சொல்லி, போத்தல்களைத் துணிப்பையில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

சில மாதங்களுக்குப் பின் இத்தேனைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோதுதான், அந்தத் தேன் இயற்கையிலேயே நீர்த்தும் புளித்தும் இருப்பது என்று அறிந்தேன். ஓர் உண்மையான மனிதரைப் பலர் முன்னிலையில் கலப்படக்காரர் ஆக்கிவிட்டேனே என்று மனம் உறுத்திற்று. விசாரித்து அவர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், காப்பி வரவழைத்தார், பிறகு தோட்டத்துக்கு அழைத்துப் போய்த் தம் கூடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அன்று அவரிடமே இரண்டு கூடுகளை விலைக்கு வாங்கிவந்தேன். என் வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கருக்கும் குறைவான ஒரு பழத்தோட்டம் இருக்கிறது. ரம்புத்தான், மா, பலா, நாலு தென்னை, சில கோழிகள், இவ்வளவுதான். அந்த இடத்தில் நான் கற்றதையே இங்கே எழுதுகிறேன்.

தேனீயின் வகைகள்

தேனீ என்றால் எல்லாம் ஒன்றல்ல. மலைப்பாறையிலும் பெருமரங்களின் கிளைகளிலும் பெரிய ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. இந்நாட்டில் வானளாவிய துவாலாங் மரத்தில் கட்டுவதும் இந்த இனமே. துவாலாங் தேன் என்ற பெயர் மரத்தால் வந்தது. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத் தேனீ. இதைப் பெட்டியில் வைத்து வளர்க்கலாம். புதரிலும் சிறு கொம்பிலும் கையகல அடை கட்டுவது கொம்புத் தேனீ. இவற்றுக்கெல்லாம் கொடுக்கு உண்டு.

இவற்றினின்று வேறுபட்டது கொடுக்கில்லாத சிறு தேனீ. ஊரில் கொசுத்தேனீ என்று நாம் சொல்வது இந்த இனத்தைத்தான். பழைய சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் குழல்போன்ற வாயில் வைத்துக் குடியிருக்கும். இதன் தேனை நாட்டு வைத்தியர்கள் தேடி வாங்குவார்கள். மலேசியாவில் இந்த இனத்துக்குக் கெலுலுட் என்று பெயர். இங்கே பெரிதும் வளர்க்கப்படுபவை இரண்டு: உருவில் சிறியதும் கரியதுமான இத்தாமா, அதனினும் பெரியதும் சற்றே பழுப்பு நிறமுள்ளதுமான தொராசிக்கா. வீட்டுத் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் இத்தாமாவையே வைத்திருக்கிறார்கள்.

இது கொட்டாது. ஆனால் கூட்டைக் கலைத்தால் சும்மாவும் இராது. தலைமயிரில் புகுந்து சிக்கிக்கொள்ளும், காதில் நுழையும், பிசினை ஒட்டிக் கடிக்கும். தலையில் துணி கட்டிக்கொண்டு நிதானமாக வேலை செய்தால் போதும். சிறுவரும் முதியோரும் உள்ள வீட்டில் வைத்துக்கொள்வதற்கு ஏற்றது.

கூட்டின் அமைப்பு

அடுக்குத் தேனீ கட்டும் அறுகோண அடை இதனிடம் கிடையாது. மெழுகையும் மரப்பிசினையும் கலந்து சிறுசிறு குடங்கள் செய்து, சிலவற்றில் தேனையும் சிலவற்றில் மகரந்தத்தையும் சேர்த்து வைக்கும். குஞ்சறைகள் தனியே ஒரு பக்கம் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் குஞ்சுக்கு வேண்டிய உணவு முழுவதையும் முதலிலேயே நிரப்பி, அதன்மேல் ராணி ஒரு முட்டை இட்டவுடன் அறை மூடப்படும். குஞ்சு வெளிவரும் வரை அதை மீண்டும் திறப்பதில்லை. ஒரு பிள்ளைக்கு வேண்டியதைப் பிறக்குமுன்பே எடுத்து வைத்துவிடும் குடும்பம் இது!

முட்டையிடத் தொடங்கிய ராணியின் வயிறு பருத்துவிடும். அதன்பின் அதனால் பறக்க இயலாது. ஆதலால் இக்கூட்டம் அடுக்குத் தேனீயைப்போல் திடீரென்று கூட்டை விட்டு ஓடிப்போவதில்லை. புதுக்குடி போக வேண்டுமானால், வேலைக்காரத் தேனீக்கள் முதலில் புது இடத்தைப் பார்த்து, தாய்க்கூட்டிலிருந்தே மெழுகும் உணவும் கொண்டுபோய்ச் சேர்த்து, பிறகுதான் இளம் ராணியை அனுப்பும். தாய்க் கடையிலிருந்து சரக்கு அனுப்பிக் கிளைக் கடை திறப்பதற்கு இது ஒப்பாகும்.

கூடு வைக்கும் முறை

வளர்ப்பவர்கள் தேனீ குடியிருக்கும் மரத்துண்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேல்வாயில் ஒரு பலகைப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். குடும்பம் கீழே மரத்துண்டில் வாழும். மிகுதித் தேனைச் சேர்க்கும் குடங்களை மேற்பெட்டியில் கட்டும். இதனால் குஞ்சறைகளைத் தொடாமலே தேன் எடுக்கலாம். பெட்டிப் பலகை கனமாக இருக்க வேண்டும். மெல்லிய பலகை வெயிலில் காய்ந்தால் உள்ளே மெழுகு இளகிக் கூடு சரிந்துவிடும். நிழல் மிக அவசியம். மழைத்தண்ணீர் இறங்காதபடி ஒரு கூரையும் வேண்டும்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். இந்த மரத்துண்டுகள் கிடைப்பதற்காகவே காட்டிலுள்ள நல்ல மரங்களை வெட்டிவிடுவோர் உண்டு. ஒரு கூட்டுக்காக ஒரு மரத்தைச் சாய்ப்பது முதலை அழித்து வட்டி தேடுவது போன்றது. ஏற்கெனவே விழுந்த மரத்திலிருந்து எடுத்த கூட்டையோ, வளர்ப்பவர் தம் கூட்டைப் பிரித்து உண்டாக்கிய குடும்பத்தையோ வாங்குவதே முறை. கூட்டைப் பிரிப்பது அப்படியொன்றும் கடினமன்று. வெளிறிய நிறமுள்ள முதிர்ந்த குஞ்சறைகளையும், மற்றவற்றினும் பெரிதாக இருக்கும் ராணி அறை ஒன்றையும், கொஞ்சம் உணவுக் குடங்களையும் புதுப் பெட்டிக்கு மாற்றினால் காலப்போக்கில் இன்னொரு குடும்பம் உண்டாகும்.

தோட்டத்தில் ஒரு நாள்

காலையில் கடை திறக்குமுன் அரைமணி நேரம் தோட்டத்துக்குப் போதும். கோழிக்குத் தீனி போட்டுவிட்டுக் கூட்டு வாயில்களைப் பார்த்து வருவேன். கூட்டின் நலத்தை வாயிலே சொல்லிவிடும். குழல் ஈரப்பசையுடன் புதிதாக நீண்டிருந்தால் குடும்பம் செழிக்கிறது. காவல் தேனீக்கள் வாயில் ஓரத்தில் தலைகாட்டி நின்றால் பலம் குன்றவில்லை. காலில் மகரந்த உருண்டையுடன் வருபவை உள்ளே குஞ்சு வளர்வதைக் காட்டும். சில தேனீக்கள் குப்பையைச் சிறு உருண்டையாகத் திரட்டி வெளியே கொண்டுபோய்ப் போடுவதையும் காணலாம். குழல் காய்ந்து உதிர்ந்து, காவலும் இல்லையென்றால், ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்தச் சிறு தேனீ நெடுந்தூரம் போவதில்லை. பெரும்பாலும் சில நூறு மீட்டர் வட்டாரத்துக்குள்ளேயே இரை தேடும். ஆதலால் தோட்டமே அதற்கு உணவுக்கடை. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. புளிச்சக்காய் எனப்படும் பிளிம்பிங், நட்சத்திரப் பழமரம், கொய்யா, ரம்புத்தான் எல்லாம் உதவும். மாவும் பலாவும் பிசினுக்கும் பயன்படும். வேலி ஓரத்தில் மலாய்க்காரர்கள் "மணமகள் கண்ணீர்" என்று அழைக்கும் இளஞ்சிவப்புப் பூங்கொடியைப் படரவிட்டால் மாதந்தோறும் பூ இருக்கும். ரப்பர் மரமும் நல்ல துணைதான்; அதன் இளந்தளிரில் இனிப்பு நீர் சுரக்கிறது. நம் தாயகத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெட்டித் தேனுக்கு ரப்பர் மரங்களே முக்கிய ஆதாரம் என்பதை அவ்வூரார் அறிவர்.

தேனீ வைத்தவன் பூவைப் பார்க்கப் பழகுகிறான். பூவைப் பார்ப்பவன் மருந்து தெளிக்கத் தயங்குகிறான். என் தோட்டத்தில் நான் பூச்சிமருந்து தெளிப்பதை நிறுத்தியது இந்த இரண்டு கூடுகள் வந்த பிறகே.

பகைவர்களும் காவலும்

எறும்பு முதல் பகை. தாங்கியின் கால்களைச் சுற்றி மசகு பூசினால் அல்லது எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தினால் ஏறாது. பல்லி வாயிலருகே காத்திருந்து வருவன போவனவற்றைப் பிடிக்கும். இவற்றினும் கொடியவை சில வகை ஈக்கள். கூட்டைத் திறந்து வேலை செய்யும்போது குடங்கள் உடைந்து மகரந்தம் சிந்தினால், அந்த வாடைக்கு ஈ வந்து முட்டையிடும். அதன் புழுக்கள் சில நாளில் ஒரு கூட்டையே கூழாக்கிவிடும். ஆகவே திறந்தால் விரைவில் மூடுக, சிந்தியதைத் துடைக்க, இடுக்குகளைப் பிசின் நாடாவால் ஒட்டுக.

இன்னொன்று நாமே செய்வது. டிங்கிக் காய்ச்சல் பரவும்போது நகராண்மைக் கழகத்தார் கொசுவுக்குப் புகை மருந்து அடிப்பார்கள். அது மக்கள் நலத்துக்காகச் செய்வது, தடுக்க வேண்டியதன்று. ஆனால் அப்புகைக்குக் கொசுவும் தேனீயும் ஒன்றே. நாள் தெரிந்தால், முந்தின இரவே எல்லாத் தேனீயும் கூடடைந்த பின் வாயிலை மெல்லிய கம்பிவலையால் அடைத்து, கூட்டை ஈரத்துணியால் போர்த்தி, புகை முற்றும் அடங்கிய பின் திறந்துவிட வேண்டும். இதை அறியாமல் நான் ஒரு கூட்டை இழந்தேன். மறுநாள் காலையில் வாயிலின் கீழே கைப்பிடிக் கணக்கில் செத்துக் கிடந்தன.

தேன் எடுக்கும் முறை

மூடிய குடங்களில்தான் முதிர்ந்த தேன் இருக்கும், திறந்தவற்றைத் தொடலாகாது. கொதிநீரில் கழுவி உலர்த்திய மெல்லிய குழாயைக் குடத்தில் நுழைத்துச் சிறு இயந்திரத்தால் உறிஞ்சி எடுப்பதே இப்போதைய வழக்கம். குடங்களைப் பிழிந்து எடுத்தால் மகரந்தமும் அழுக்கும் கலந்து தேன் விரைவில் கெடும். மழைக்காலத்திலும் பூ குறைந்த காலத்திலும் எடுப்பதில்லை.

எவ்வளவு எடுப்பது? அந்தப் பெரியவர் எனக்குச் சொன்ன முதற்பாடம் இதுதான்: "பாதி உனக்கு, பாதி அதற்கு." மழை ஒரு மாதம் விடாமல் பெய்தால் அந்தப் பாதியே அதற்கு அரிசிப்பானை. முழுவதையும் வழித்தெடுத்தவனுக்கு அடுத்த முறை எடுப்பதற்குக் கூடே இராது. கைமுதலை எடுத்துச் செலவழித்த கடைக்காரனுக்கு நேரும் கதியும் இதுவேயன்றோ?

அசல் எது, போலி எது?

இனிக் கடைக்கு வருவோம். உலக நாடுகள் பொதுவாக ஏற்றுள்ள கோடெக்ஸ் தேன் விதியின்படி சாதாரணத் தேனில் நீர் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கலாகாது. சில தனிவகைத் தேனுக்கு மட்டும் விலக்கு உண்டு. கெலுலுட் தேனுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஆகையால் மலேசியாவில் 2017ஆம் ஆண்டில் அதற்கெனத் தனித் தரவிதி வகுக்கப்பட்டது. அதன்படி பதப்படுத்தாத கெலுலுட் தேனில் 35 விழுக்காடு வரை நீர் இருக்கலாம்; புளிப்பும் அதன் இயல்பான குணமே. நான் குற்றம் என்று எண்ணிய இரண்டும் அதன் அடையாளங்கள்!

தண்ணீரில் சொட்டு விடும் சோதனை, தேன் கெட்டியா நீர்ப்பா என்பதை மட்டுமே காட்டும். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில் போய்த் தங்கும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுவதும் ஈரத்தைச் சோதிப்பதே. அசல் தேனை எறும்பு மொய்க்காது என்பதும் வெறும் பேச்சு. இனிப்பு எங்கே இருந்தாலும் எறும்பு வரும். அடியில் சர்க்கரைபோல் உறைந்தாலும் போலி என்று முடிவு கட்டலாகாது. பல நல்ல தேன்கள் இயல்பாகவே உறையும். ஆக, இச்சோதனைகளை நம்பினால் நல்லவனைத் தள்ளி, கெட்டிப் பாகு காய்ச்சத் தெரிந்தவனை ஏற்றுக்கொள்வோம்.

உண்மையைக் காட்டுவது ஆய்வுக்கூடமே. அங்கே சர்க்கரை வகைகளை அளந்து பார்ப்பார்கள். தேனைச் சூடாக்கியதாலோ நெடுநாள் வைத்ததாலோ பெருகும் பொருளையும் அளப்பார்கள். கரும்பு, மக்காச்சோளம் இவற்றின் சர்க்கரையைக் கரிமத்தின் தன்மை கொண்டு கண்டுபிடிப்பார்கள். அரிசிப் பாகு போன்றவை அந்த ஒரு சோதனைக்கு அகப்படாதவை. அவற்றுக்கு வேறு சோதனைகள் உண்டு. கெலுலுட் தேனுக்கு மற்றொரு சிறப்பும் உள்ளது. ஆஸ்திரேலியா, மலேசியா, பிரேசில் நாடுகளின் கொடுக்கில்லாத் தேனீக்களின் தேனில் டிரெஹலுலோஸ் என்னும் அரிய சர்க்கரை மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். இது இரத்தத்தில் மெல்லக் கலப்பது.

ஆனால் "மெல்லக் கலப்பது" என்பதற்கு "சர்க்கரை வியாதிக்கு மருந்து" என்று பொருளன்று. தேனில் வேறு சர்க்கரைகளும் இருக்கின்றன. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்று முதலிய நோய்களைத் தீர்க்கும் என்று பண்டங்களை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, நம் சொல்லை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

அதனினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கலாகாது என்பது மருத்துவர்களின் உறுதியான கருத்து. அசல் தேனிலும் ஒரு நுண்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. தசைகள் தளர்ந்து, பாலுறிஞ்சவும் மூச்சுவிடவும் முடியாமற் போகும். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்கவென்று நம்மவர் கடைக்கு வந்து தேன் கேட்பது இன்றும் உண்டு. அப்படி வருபவரிடம் விற்பனை போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொல்லி அனுப்புங்கள்.

கடையில் காக்கும் முறை

நீர் மிகுந்திருப்பதால் கெலுலுட் தேன் வெப்பத்தில் எளிதில் நொதிக்கும். மூடி உப்பும், சில வேளை போத்தலே வெடிக்கும். வெயில்படும் அலமாரியில் வைக்காமல் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். நுரைத்துப் பொங்கிச் சாராய வாடை வீசும் தேனை விற்பது நமக்கு அழகன்று. வாங்கும்போது நாலு விவரங்களைப் பேரேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வகைத் தேனீ, எந்த ஊர்த் தோட்டம், எடுத்த தேதி, கொடுத்தவர் பெயர். ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு சிறு போத்தலை முத்திரையிட்டு எடுத்து வையுங்கள். முடிந்தால் ஒருமுறையாவது போய்க் கூட்டைப் பார்த்து வாருங்கள்.

பாடச் சுருக்கம்

1. வகை அறியாமல் தேனை மதிப்பிடாதீர்கள். நீர்ப்பும் புளிப்பும் கெலுலுட் தேனின் இயல்பு.

2. சொட்டுச் சோதனை, தீக்குச்சிச் சோதனை, எறும்புச் சோதனை எதுவும் கலப்படத்தைக் காட்டாது.

3. கூட்டுக்காக மரம் வெட்டியதை வாங்காதீர்கள்.

4. எடுப்பதில் பாதியைத் தேனீக்கு விடுங்கள்.

5. நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்காதீர்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்க விடாதீர்கள்.

6. தேன் வந்த வழியை எழுதி வையுங்கள்.

இன்று அந்தப் பெரியவரின் தேன் என் கடைக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. வாங்க வருபவர் முகத்தைச் சுளித்து, "என்ன பாய், தண்ணீர்போல் இருக்கிறதே?" என்று கேட்பதும் உண்டு. அப்போது முன்பு நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நாலு பேர் முன்னிலையில் அவரைப் பழித்தவன், நாலு பேர் முன்னிலையிலேயே அதைத் திருத்துவதுதானே நியாயம்? சிலர் வாங்குகிறார்கள், சிலர் வைத்துவிட்டுப் போகிறார்கள். "அசல்தானா?" என்று யாரேனும் கேட்டால் இப்போது நான் பேரேட்டைத் திறந்து காட்டுகிறேன்.